எண் இறங்கினால் மாத்திரையை நிறுத்தலாமா?



இன்று கணக்குப் பாடம் இல்லை. பி.பி. பற்றிப் பேசப் போகிறேன். ரத்தக் கொதிப்பு என்றும் சொல்வோம். நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு நின்ற தொண்டர்தான். நர்ஸ் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் ஸ்ரீராமபுரம் வகுப்பில் பூ விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். "என் கதையைச் சொல்லு கண்ணு. பெயரை மட்டும் சொல்லாதே" என்றார். அதனால் சொல்கிறேன்.

அக்காவுக்கு இரண்டு வருஷமாக பி.பி. தினம் ஒரு மாத்திரை. ஒரு நாள் கிளினிக்கில் அளந்து சீட்டு கொடுத்தார்கள். அதை அக்கா வகுப்புக்குக் கொண்டுவந்தார். தானே படித்தார். மேலே 110. கீழே 70. முன்பு 160, 100 என்று இருந்ததாம். நாம் எல்லாரும் கைதட்டினோம். "இறங்கிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்றார் அக்கா. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. கைதட்டியதோடு சரி. அந்தக் கைதட்டல் இன்னும் என் மனதை உறுத்துகிறது.

ஆறு வாரம் போனது. ஒரு விடியற்காலை பூக்கட்ட உட்கார்ந்தார். வலது கை விரல் நாரைப் பிடிக்கவில்லை. பேச்சு குழறியது. மகன் உடனே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே அளந்தால் 200, 120. பக்கவாதம் என்றார்கள். சீக்கிரம் போனதால் உயிர் தப்பியது. ஆனால் முன்பு நாலு முழம் கட்டுகிற நேரத்தில் இப்போது ஒரு முழம்தான் கட்டுகிறார்.

எங்கே தவறு? அக்கா எண்ணைச் சரியாகத்தான் படித்தார். 110, 70 நல்ல எண். 140, 90 என்ற அளவைத் தொட்டால் அதிகம். ஆனால் எண்ணை இறக்கியது யார்? மாத்திரை. நோய் போகவில்லை. அடங்கி இருந்தது. மாத்திரையை நிறுத்தினால் சில நாளில், சில வாரத்தில் மறுபடி ஏறும். ஏறும்போது பெரும்பாலும் வலி இருக்காது. தலைவலிகூட இருக்காது. அதுதான் ஆபத்து.

அக்காவே இதை அழகாகச் சொன்னார். "மல்லிகை மேலே ஈரத்துணி போட்டு வைப்பேன். பூ வாடாமல் இருக்கும். வாடவில்லையே என்று வெயிலில் துணியை எடுத்தால் என்ன ஆகும்? இது எனக்குத் தெரியாமல் போச்சே!"

அந்தக் காலத்தில் இப்படி நல்ல மாத்திரை கிடையாது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எத்தனையோ டாக்டர்கள் இருந்தார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு வந்து இறந்தார். அன்று அவருடைய மேல் எண் 300. அவ்வளவு பெரிய மனிதருக்குக் கிடைக்காத மாத்திரை இன்று நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, எண் உண்மையிலேயே ரொம்ப இறங்கினால்? 90, 60 என்பதற்குக் கீழே போகலாம். எழுந்து நின்றால் கண் இருட்டலாம். தலை சுற்றலாம். அப்போது உடனே உட்காருங்கள், அல்லது படுங்கள். அடுத்த மாத்திரை போடும் முன்பே கிளினிக்குக்குப் போங்கள். வாந்தி, பேதி வந்தாலும் அன்றே போய்க் கேளுங்கள். சில பி.பி. மாத்திரைகள் நிறைய சிறுநீர் போக வைக்கும். பேதியும் சேர்ந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிடும்.

டாக்டர் அளவைக் குறைக்கலாம். வேறு மாத்திரை தரலாம். உப்பைக் குறைத்து, எடையும் குறைந்தவர்கள் சிலருக்கு நிறுத்தியும் பார்க்கலாம். ஆனால் அப்போதும் அடிக்கடி அளந்து பார்ப்பார்கள். நாமாக நிறுத்துவது வேறு. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பி.பி. முன்பைவிட மேலே எகிறும்.

காசு இல்லை என்று நிறுத்துகிறவர்களும் நம்மில் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் நூற்றுக்கு மேல் நம்ம கிளினிக்குகள் திறந்தார்கள். அங்கே பார்ப்பதும் மருந்தும் இலவசம். ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துவிட்டது என்பார்கள் சிலர். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அங்கே ஊர்க்காரர்களுக்கு பி.பி. மாத்திரை வீடு தேடி வருகிறது. நீங்கள் விருந்தாளியாகப் போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். காலி அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அதைக் காட்டினால்தான் என்ன மாத்திரை என்று தெரியும்.

வருகிற ஞாயிறு நர்ஸ் அம்மா மிஷினோடு இங்கே வருகிறார். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, பீடி, புகையிலை வேண்டாம். வந்ததும் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். முதுகு சாய்ந்து, கால் தரையில் இருக்கட்டும். சட்டைக் கை மேலே பட்டை கட்டக் கூடாது. பழைய சீட்டையும் கொண்டுவாருங்கள். புதுச் சீட்டு எழுத நம் பூக்கார அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் மெதுவாக எழுதுவார். அவசரப்படுத்தாதீர்கள்.