இணையத்தில் ஒரு சிறு கடை: கடனின்றி, கலப்பின்றி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

    

இமாம் இணையக் கடையைப் பற்றிப் பேசப் போகிறார் என்று செயலாளர் அறிவித்தபோது சிலர் முகத்தில் புன்னகை தோன்றியதைக் கண்டோம். அதில் தவறில்லை. கம்ப்யூட்டரை நாம் எந்த மதரஸாவிலும் ஓதியதில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கலின் சட்டங்களை ஓதியிருக்கிறோம். ஃபிக்ஹு நூல்களில் 'கிதாபுல் புயூஃ' என்னும் வாணிபப் பாடத்தை உஸ்தாதுமார்கள் மாதக்கணக்கில் நடத்தினார்கள். அந்தப் பாடம் சென்ற ஆண்டு பள்ளிவாசல் வாசலுக்கே வந்து நின்றது.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அவர்களின் தாயார் கோரைப் பாய் நெய்பவர். தகப்பனார் மௌத்தாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, வெளியூர்களில் நல்ல விலையும் இருக்கிறது. ஆனால் நெய்த கைக்கு வந்து சேர்வதோ அற்பம். ஆகவே இணையத்தில் தாமே ஒரு கடை திறந்தால் என்ன என்பது பிள்ளைகளின் எண்ணம். நல்ல எண்ணம்தான். கடை அமைத்துத் தர ஒரு நிறுவனம் 70,000 ரூபாய் கேட்டதாம். தாயாரின் நகையை வட்டிக்கு அடகு வைத்து அத்தொகையைக் கட்டப் போவதாகவும், அதில் பரக்கத் உண்டாக துஆ செய்ய வேண்டும் என்றும் கேட்டார்கள்.

வட்டிக்கு எப்படித் துஆ செய்வது? "தம்பிகளே, நகை வீட்டிலேயே இருக்கட்டும். இந்தக் கடைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று முதலில் விசாரித்து வாருங்கள்" என்று கூறி அனுப்பினோம். நாமும் பொறியியல் படித்த முஸல்லி ஒருவரிடம் கேட்டறிந்தோம்.

அவர் விளக்கியது இதுதான். இணையக் கடைக்கு மூன்று பொருள்கள் வேண்டும். கடையின் பெயர், அதாவது டொமைன். இது ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அடுத்து கடை நிற்பதற்கு இடம், அதாவது ஹோஸ்டிங். இதற்கு ஆண்டுக்குச் சில ஆயிரம். மூன்றாவது கடையை நடத்தும் மென்பொருள். வேர்ட்பிரஸ், அதனுடன் இணையும் வூகாமர்ஸ் ஆகியவற்றைக் காசு கொடுக்காமலேயே பயன்படுத்தலாம். வாடிக்கையாளர் தரும் தகவல்களைப் பிறர் இடையில் படிக்காமல் காக்கும் சான்றிதழையும் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இலவசமாகவே தருகிறது. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு அனைத்தையும் தாமே பார்த்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. வசதியுள்ளோர் அவற்றை நாடலாம். ஆனால் விற்பனை இல்லாத மாதத்திற்கும் சந்தா உண்டு என்பதை மறக்கலாகாது. பிள்ளைகள் இருவரும் ஒரு பழைய மடிக்கணினியில் இரவு நேரங்களில் தாமே பழகி, 10,000 ரூபாய்க்குள் கடையை நிறுத்திவிட்டார்கள். அல்ஹம்து லில்லாஹ்!

இரண்டு எச்சரிக்கைகளை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். முதலாண்டு ஹோஸ்டிங் கட்டணம் மிகக் குறைவாகத் தோன்றும், புதுப்பிக்கும் போதோ இரண்டு மடங்கு, மூன்று மடங்காகக் கேட்பார்கள். ஆகவே இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டறிந்த பின்னரே சேர வேண்டும். மற்றொன்று, கடையின் பெயர் கடைக்காரர் பெயரிலேயே பதிவாக வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் பிறரிடம் பணம் கொடுத்துத் தளம் அமைத்தனர். அமைத்துக் கொடுத்தவர் பெயரைத் தம் பெயரிலேயே பதிந்துகொண்டு வெளிநாடு சென்றுவிட்டார். நான்கு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பெயர் கையை விட்டுப் போயிற்று.

கடை தயாரானதும் பிள்ளைகள் நம்மிடம் காட்டினார்கள். பாயின் படம் பளபளவென்று இருந்தது. ஓரத்தில் ரோஜாப் பூ வேறு! "இந்த நிறம் வீட்டில் இருக்கும் பாயில் இல்லையே" என்றோம். படத்தைச் சற்று மெருகூட்டியதாகச் சொன்னார்கள். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கை நுழைத்துப் பார்த்ததும், அடியில் ஈரம் இருந்ததும், ஈரத்தை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று அந்த வணிகரைக் கண்டித்ததும் நாம் அனைவரும் கேட்ட ஹதீஸ்தான். கடைவீதியில் வாங்குபவருக்குக் கை நுழைத்துப் பார்க்க வழியுண்டு. இணையக் கடையிலோ படமும் எழுத்தும் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே ரோஜாப் பூவை எடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாயின் முன்புறம், பின்புறம், ஓரம், இயற்கையாக உள்ள நிற வேறுபாடு ஆகிய அனைத்தையும் படமெடுத்து வைக்கச் சொன்னோம். நீளம், அகலம், எடை, கைத்தறியா விசைத்தறியா, சாயம் எவ்வகை என்பவையும் எழுதப்பட்டன. இவ்வேலைக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

காணாத பொருளை வாங்கியவருக்கு, கண்டபின் திருப்பித் தரும் உரிமை ஹனஃபி மத்ஹபில் உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருளைக் காணாமலேயே விற்பதை ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து ஏற்பதில்லை. தன்மைகளைத் தெளிவாக வரையறுத்துப் பொறுப்பேற்று விற்பதே அங்கு வழி. இவ்வட்டாரத்தில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் கூறினோம். எப்படிப் பார்த்தாலும் விவரம் முழுமையாக இருத்தலும், திருப்பி வாங்கும் நிபந்தனை முன்னரே எழுதப்பட்டிருத்தலும் அவசியமாகின்றன.

இளைஞர்கள் மற்றொன்றும் கேட்டார்கள். சரக்கு ஏதும் கையில் இல்லாமல், பிறர் பொருளின் படத்தைப் போட்டு, ஆர்டர் வந்த பிறகு வாங்கி அனுப்பலாமா? இதே கேள்வியை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்டிருக்கிறார்கள். தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில். ஆயினும் கதவு முழுவதும் அடைபடவில்லை. நெய்பவரின் வகீலாக நின்று, அவருக்காக விற்று, பேசிய தரகைப் பெறலாம். முழு விலையையும் முன்னரே பெற்று, அளவும் தரமும் தவணையும் குறித்து 'ஸலம்' முறையில் விற்கலாம். சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கு 'இஸ்திஸ்னாஃ' என்னும் முறையும் இருக்கிறது. மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் இந்த வகையைச் சேர்ந்தது.

அந்தக் கல்யாணப் பாயில்தான் ஒரு வழக்கு வந்தது. கடை திறப்பதற்கு முன்பு, தொலைபேசியில் பெயரைக் கேட்டு இதே தாயார் ஒரு பாய் நெய்தார். மணமகளின் பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது. பல நாள் உழைப்பு. வாங்க வந்தவர் மறுத்தார். "தொலைபேசியில் அவர்கள் சொன்னது அப்படித்தான்" என்று பிள்ளைகள் வாதிட்டார்கள். முன்பணமோ நூலுக்கும் சாயத்திற்கும் செலவாகியிருந்தது. இரு தரப்பையும் பள்ளிவாசலில் உட்கார வைத்துக் கேட்டோம். எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை, பேசிய பெயருக்குப் பொருள் பொருந்தவும் இல்லை. முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கூறினோம். அந்தத் தாயார் ஒரு சொல்லும் மறுத்துப் பேசாமல் இரண்டு தவணையில் திருப்பிக் கொடுத்தார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. இப்போது கடையில் பெயரை வாடிக்கையாளரே எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யும் கட்டம் இருக்கிறது. எழுத்து வரைந்த தாளின் படத்தை அனுப்பி, சரி என்ற பதில் வந்த பின்னரே தறியில் கை வைக்கிறார்கள்.

பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. குறியீட்டுப் படம் போதுமானது. வங்கிக் கணக்கிலிருந்து வரும் அத்தொகைக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. ஆனால் பணம் அனுப்பியதாக வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பிப் பொருளை அனுப்பிவிட வேண்டாம், கணக்கில் வரவானதைப் பார்த்தே அனுப்புக.

தபால் செலவில் பிள்ளைகள் முதல் மாதமே ஏமாந்தார்கள். பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, கட்டின் நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000 ஆல் வகுக்கின்றன. 120 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உள்ள பாய்ச் சுருள் தராசில் ஒன்றரை கிலோவே இருப்பினும், கணக்கில் ஏறத்தாழ மூன்றரை கிலோ ஆகிவிடும். இதை அறியாமல் விலை வைத்தால் இலாபம் வண்டியேறிப் போய்விடும். அறிந்த பின், அக்கட்டணத்தைப் பணம் செலுத்தும் முன்பே வாங்குபவருக்குக் காட்டிவிட வேண்டும்.

சர்க்கார் சட்டத்தையும் அலட்சியம் செய்யலாகாது. வரி விதிக்கப்படும் பொருளை வெளி மாநிலத்திற்கு விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டும். கோரைப் பாய் உள்ளிட்ட கைவினைப் பொருள்களுக்கு ஒரு வரம்பு வரை நிபந்தனையுடன் விலக்கு உண்டு. ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வட்டலப்பம், ஊறுகாய் என்று உணவுப் பண்டம் விற்க விரும்பும் சகோதரிகள், வீட்டுச் சமையலாயினும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். கடைக்காரரே வாடிக்கையாளர் போல் வேடமிட்டுத் தம் பொருளைப் புகழ்ந்து எழுதுவதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. வாங்கும் எண்ணமின்றி விலையேற்றிக் கேட்டுப் பிறரை ஏமாற்றும் 'நஜ்ஷ்' என்பதை நம் மார்க்கம் தடுத்ததன் சாயலை இதில் காண்கிறோம்.

நிர்வாகப் பெருமக்களிடம் ஒரு கோரிக்கை. பைத்துல்மால் நிதியிலிருந்து கர்ளன் ஹஸனாவாக, ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மிகாமல், பத்து மாதத் தவணையில் இத்தகைய முயற்சிக்கு வழங்கத் தீர்மானம் கொண்டு வாருங்கள். ஸகாத் நிதி தனியே இருக்கட்டும், அதன் வகைகள் வேறு. அந்தப் பிள்ளைகள் இருவரும் ஞாயிறு தோறும் இஷாவுக்குப் பின் மதரஸா அறையில் மற்றவர்களுக்குக் கற்றுத்தர இசைந்திருக்கிறார்கள். பெண்களுக்கு அவர்களின் தாயார் வீட்டிலேயே ஏற்பாடு செய்யப்படும். தறிக்குப் பக்கத்தில் இடம் கொஞ்சம்தான், ஆகவே ஒரு தடவைக்கு ஐந்து பேர் வந்தால் போதும் என்று அவர் சொல்லியனுப்பினார்.