நீர்க்கடுப்பும் நம் நாணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இயலும் இசையும் நாடகமும் முழங்குவதே வழக்கம். அம்மேடையில் நீர்க்கடுப்பைப் பற்றிப் பேச வந்தோமே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பே இந்நோய்க்குப் பெருந்துணை என்பதைக் கூறவே நாம் இங்கு நிற்கிறோம்.

சென்ற குளிர்காலத்தில், ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த மூதாட்டியார் ஒருவருக்கு நீர் பிரியும்போது எரிச்சல் கண்டது. மருமகளிடம் சொல்ல நாணம். மகனிடம் சொல்வதோ ஆகாத காரியம். மருத்துவரிடம் சொல்ல இந்தி தெரியாது. ‘உடற்சூடு’ என்று தமக்குத் தாமே தீர்ப்புக் கூறி, கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு நான்கு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும் விலாவில் வலியும் வந்தன. கிருமி சிறுநீரகத்தை எட்டிவிட்டது. ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து நலமடைந்தார். முதல் நாளே வாய் திறந்திருப்பின், சில மாத்திரைகளோடு முடிந்திருக்கும் அன்றோ?

இந்நோயின் காரணம் யாது? நம் குடலில் இயல்பாக வாழும் ‘எஷரிக்கியா கோலி’ என்னும் கிருமியே பெரும்பாலும் இதற்குக் காரணம். 1885-ஆம் ஆண்டில் இதனை விளக்கியுரைத்தவர் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர். குடலில் இருக்கும் வரை இக்கிருமி பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. சிறுநீர்ப் பாதையில் ஏறினால் பகையாகிறது. ஆண்களின் நீர்த்தாரை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுடையது. பெண்களுக்கோ 4 சென்டிமீட்டர்தான். கிருமி ஏறும் வழி அத்துணைக் குறுகியது. ஆதலின், பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதற்கு ஆளாகின்றனர். இதில் ஒழுக்கக் குறையும் இல்லை, வெட்கத்துக்கு இடமும் இல்லை.

‘சூடு’ என்ற நம் முன்னோர் சொல்லை முற்றிலும் தள்ளிவிட வேண்டுவதில்லை. கோடையில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் தரும். நீர்மோரும் பார்லிக் கஞ்சியும் அதனைத் தணிக்கும். ஆனால் அடிக்கடி போக வேண்டிய உந்துதல், போனால் சில சொட்டு, அடிவயிற்றில் வலி, கலங்கிய நீர், இரத்தம் இவை எரிச்சலோடு சேர்ந்தால் கிருமியை ஐயுற வேண்டும். காய்ச்சல், நடுக்கம், விலாவலி, வாந்தி கண்டால் அன்றே மருத்துவரை நாட வேண்டும். சுண்ணாம்பு நகத்தோடு நிற்கும், கிருமியிடம் செல்லாது.

மருத்துவர் சிறுநீர்ச் சோதனை கேட்டால், முதலில் வரும் நீரைக் கழித்து, நடுவில் வருவதையே தூய குப்பியில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பியுங்கள். மருந்து தொடங்குமுன் கொடுப்பதே சிறப்பு. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். எம்மருந்துக்குக் கிருமி பணியும் என்பதை அது காட்டிவிடும்.

இங்கே ஒரு வேண்டுகோள். அண்டை வீட்டார் தின்று மிஞ்சிய மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்டுக் கிருமிக்கொல்லி வாங்காதீர்கள். முன்னாளில் கைகொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் மருந்துக்கு, நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளில் சோதித்த எஷரிக்கியா கோலியில் பெரும்பகுதி பணிவதில்லை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. 1953 முதல் வழக்கிலுள்ள நைட்ரோஃபுரான்டாயினோ சிறுநீர்ப்பை அளவில் நிற்கும் நோய்க்கு இன்றும் பெரிதும் பயன்படுகிறது. சிறுநீரகத்தை எட்டிய நோய்க்கு அது போதாது. எது எவருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவர் குறித்த நாள் வரை உண்பது நம் கடமை.

சிலரை மிகவும் கருத்தாகப் பார்க்க வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு எரிச்சல் இல்லாவிடினும் சிறுநீரில் கிருமி இருக்கக்கூடும். அது சிறுநீரகத்தை எட்டும் வாய்ப்பு மிகுதியாதலின், சோதித்து மருந்து தருவர். இதற்கு மாறாக, எவ்வித அறிகுறியும் இல்லாத முதியோரின் நீரில் கிருமி தென்பட்டதாலேயே மருந்து வேண்டுவதில்லை. கைக்குழந்தைக்குக் காரணம் புலப்படாத காய்ச்சல் வந்தால் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளோரும், நீர் தடைப்படும் முதிய ஆடவரும் காலந்தாழ்த்தலாகாது. மாதவிலக்கு நின்ற பின் இந்நோய் மீண்டும் மீண்டும் வரும் பெண்களுக்குத் தனிச் சிகிச்சை உண்டு, கேட்டறியுங்கள்.

வருமுன் காப்பது எங்ஙனம்? நாள்தோறும் 1.5 லிட்டருக்கும் குறைவாக நீர் பருகியவர்களும், இந்நோய் அடிக்கடி வந்தவர்களுமான 140 பெண்களைக் கொண்டு ஓராண்டு நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. நாளும் 1.5 லிட்டர் கூடுதலாகப் பருகியவர்களுக்குச் சராசரி 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் நோய் வந்தது. தண்ணீரைவிட எளிய மருந்து வேறு யாது? (இதயம் அல்லது சிறுநீரக நோய் உள்ளோர் மட்டும் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றுக.) வடநாட்டுக் குளிரில் தாகம் எடுப்பதில்லை என்று குடிக்காமல் இருந்துவிடுகிறோம், பள்ளியிலும் பேருந்துப் பயணத்திலும் கழிப்பறைக்கு அஞ்சி நம் பெண்மக்கள் நீரையும் குறைத்து, வந்ததையும் அடக்குகின்றனர். அடக்குதல் பெருமையன்று. முன்னிருந்து பின்னோக்கித் துடைத்தலும், தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழித்தலும் நல்வழக்கங்கள்.

இறுதியாக, மொழி. மொழி தெரியாத ஊரில் நோயைச் சொல்ல இயலாமை நோயினும் கொடிது. ‘பேஷாப் மே ஜலன்’ என்ற மூன்று இந்திச் சொற்களை நம் வீட்டு முதியவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள். சிறுநீரில் எரிச்சல் என்பதே அதன் பொருள். மேலும், மருத்துவமனைக்குத் துணை செல்ல முன்வரும் சகோதரியர் சிலரின் பெயர்களைச் சங்கம் குறித்து வைக்குமாயின், எத்தனையோ தாய்மார் மகனிடம் சொல்லத் தயங்குவதை ஒரு பெண்ணிடம் சொல்லி உரிய காலத்தில் நலம் பெறுவர். தமிழால் ஒன்றுகூடிய நாம், தமிழ் மட்டுமே அறிந்த தாய் ஒருத்திக்கு நாவாக நிற்போமாக!