வாய்வார்த்தையில் பேசிய சரக்கு வராவிட்டால்

சரக்கு தருவதாக வாய்வார்த்தையில் பேசி முடித்த பேரமும் இந்தியச் சட்டத்தின் பார்வையில் முழு ஒப்பந்தமே. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், பேச்சில் இருக்கலாம், இரு தரப்பாரும் நடந்துகொண்ட விதத்திலிருந்தே தெரியவும் செய்யலாம் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். இங்கிலாந்தில் நிலைமை வேறாக இருந்தது. 10 பவுனும் அதற்கு மேலும் பெறும் சரக்கென்றால் எழுத்தோ, அச்சாரமோ, சரக்கில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டதோ இருந்தாக வேண்டும் என்று 1677இல் வந்த விதி 1954 வரை நீடித்தது. இந்தியச் சட்டம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே, "கையெழுத்து எங்கே?" என்று விற்றவர் கேட்பதாலேயே வழக்கு விழுந்துவிடாது.

ஈரோட்டில் ஒரு மசாலா ஆலைக்காரர் 200 குவிண்டால் விரலி மஞ்சளுக்கு, குவிண்டால் 12,000 ரூபாய் என்று போனில் பேசி, ஒரு லட்சம் அச்சாரம் அனுப்புகிறார் எனக் கொள்ளலாம். சொன்ன நாளில் லாரி வரவில்லை. அன்றைய சந்தை விலை 14,500. குவிண்டாலுக்கு 2,500 வீதம் 5 லட்சம் ரூபாய் அவருக்குரிய நஷ்டஈடு. அச்சாரமும் திரும்ப வர வேண்டும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 73ஆம் பிரிவின் முதல் உதாரணத்தில், 50 மணங்கு வெடியுப்பை வைத்துப் போட்டுக் காட்டும் கணக்கும் இதுதான். விலை இறங்கியிருந்தால் இந்த வகையில் நஷ்டம் என்று கேட்க ஒன்றுமில்லை, அச்சாரத்தோடு சரி.

எந்த ஊர் விலை, எந்த நாள் விலை என்பதில்தான் பல வழக்குகள் சறுக்குகின்றன. உச்ச நீதிமன்றம் 1961இல் தீர்த்த முரளீதர் சிரஞ்சிலால் வழக்கில், கான்பூரில் ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டிய கித்தான் துணி அனுப்பப்படவில்லை. வாங்கியவர் கல்கத்தா விலையைக் காட்டி நஷ்டஈடு கேட்டார். ஒப்படைக்க வேண்டிய இடம் கான்பூர், பார்க்க வேண்டியதும் கான்பூர் விலையே என்றது நீதிமன்றம். அதற்கு அவரிடம் சான்று இல்லை, நஷ்டஈடும் கிடைக்கவில்லை. மஞ்சள்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு: ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அன்றன்றைய ஏல விலை பதிவாகிவிடுகிறது.

சரக்கு வராதென்று தெரிந்த பிறகும் கைகட்டிக்கொண்டு இருந்து, அதனால் கூடிய நஷ்டத்தை எதிராளி தலையில் கட்ட முடியாது. ஆலைக்காரரின் ஏற்றுமதி ஆர்டர் கைவிட்டுப் போனதா? அந்த ஆர்டர் இருப்பது பேரம் பேசும்போதே விற்றவருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே அதைக் கணக்கில் சேர்க்கலாம். 2018இல் திருத்தப்பட்ட தனிநிலைப் பரிகாரச் சட்டம் இன்னொரு வழியும் தருகிறது: 30 நாளுக்குக் குறையாத அவகாசம் தந்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, அதற்கும் பலனில்லை என்றால் வேறொருவரிடம் வாங்கி, அந்தச் செலவைத் தவறியவரிடம் வசூலிப்பது.

ஒப்பந்தம் செல்லும் என்பது ஒன்று, அதை மெய்ப்பிப்பது வேறொன்று. அச்சாரம் போன வங்கிக் கணக்கு, "லோடு நாளைக்கு ஏறிடும்" என்று வந்த வாட்ஸ்அப் செய்தி, பேரத்தின்போது கூட இருந்த தரகரின் சாட்சியம் ஆகியவை கைகொடுக்கும். மின்னணுப் பதிவின் நகலைக் காட்டுவதற்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். பேரேட்டு வரவு-செலவு மட்டும் ஒருவரைப் பொறுப்பாளியாக்கப் போதாது.

சரக்கைத் தந்துவிட்டுப் பணத்துக்கு அலைபவருக்கு விலை கேட்டு வழக்கிட உரிமை உண்டு. அவர் முறையாகப் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் எழுத்து இல்லாததே ஒரு விதத்தில் லாபம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாள் வரை தவணை வைக்கலாம். இல்லாவிட்டால் 15 நாள்தான். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி ஏறும்.

வழக்கின் மதிப்பு மூன்று லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் என்றால் வணிக நீதிமன்றம். அவசரத் தடையுத்தரவு போன்றது தேவைப்பட்டாலொழிய, முதலில் சமரச மையத்தை அணுகியாக வேண்டும். எழுத்து இல்லாததால் சுருக்க விசாரணை வழக்கும் நடுவர் தீர்ப்பாயமும் பொதுவாகக் கிட்டா. பலர் நேரே காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால் பேசும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட முடியாவிட்டால் அது மோசடிக் குற்றம் ஆகாது.

ஒப்பந்தம் மீறிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். "நஷ்டத்தைப் பார்த்துத் தந்துவிடுகிறேன்" என்று விற்றவர் வாயால் எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கெடு நீளாது. பொறுப்பை ஒப்புக்கொண்டு, கெடு முடிவதற்குள் எழுதிக் கையெழுத்திட்டால்தான் அந்தத் தேதியிலிருந்து புதிய கணக்கு தொடங்கும்.