ஒரு அம்மா சேர்த்து வைத்த பத்தாயிரம் பொருட்கள்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தையல் சொல்லித்தர வருகிற நான் இன்றைக்கு ஒரு கலைஞரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். கொஞ்சம் கேளுங்க. நம்ம வீட்டுப் பரண்ல கிடக்கிற மாதிரி சாமான்களை வைத்துத்தான் அவர் உலகமே பார்த்த ஒரு காட்சியை அமைத்தார்.

அவர் பெயர் சோங் டோங். 1966இல் சீனாவின் பெய்ஜிங் நகரத்தில் பிறந்தவர். சிக்கனமான குடும்பம். எழுத்துப் பழக மையும் காகிதமும் செலவாகுமே என்று, கல்லின் மேல் தண்ணீரைத் தொட்டு எழுதச் சொன்னாராம் அவருடைய அப்பா.

அம்மா ஜாவ் ஷியாங்யுவான். வசதியான வீட்டில் பிறந்து, பிறகு வறுமையைப் பார்த்தவர். அந்தக் காலத்தில் அங்கே துணிக்குக் கூப்பன், சோப்புக்கும் அளவு. அதனால் அவர் எதையும் எறியமாட்டார். துண்டுத் துணி, பொத்தான், தீர்ந்த பற்பசைக் குழாய், பாட்டில் மூடி, பழைய செருப்பு, பேசின், பிள்ளைகளின் பொம்மை, மடித்த பிளாஸ்டிக் பை என்று ஐம்பது வருசம் சேர்த்தார். துணி தைக்கிற நமக்கு இது புரியும். வெட்டு மிச்சத்தை நாமும் மூட்டை கட்டித்தானே வைக்கிறோம்?

சோப்புக் கதையைச் சொல்றேன். தன் பிள்ளைகளும் சோப்புக்குத் திண்டாடக் கூடாது என்று சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து வைத்திருந்தார் அந்த அம்மா. மகனுக்குக் கல்யாணம் ஆனபோது அதை எடுத்துக்கொடுத்தார். வீட்டில் சலவை மெஷின் இருக்கிறது, இது தேவைப்படாது என்றுவிட்டார் மகன். அம்மா அதைத் திருப்பி எடுத்து மகனுக்காகவே பத்திரமாக வைத்தார். கட்டி கட்டியாக இறுகிப்போன அந்தச் சோப்பு அம்மாவின் பாசம் என்பது மகனுக்குப் பல வருசம் கழித்துத்தான் உறைத்தது.

2002இல் அப்பா திடீரென்று இறந்துவிட்டார். அம்மா நொறுங்கிப் போனார். சாமான் சேர்ப்பது இன்னும் அதிகமானது. வீட்டில் நடக்கவே இடமில்லை. பிள்ளைகள் சுத்தம் செய்யப் போனால் சண்டை. காலியான இடத்தைப் பார்த்தால் கணவர் இல்லாத வெறுமைதான் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சோங் டோங் என்ன செய்தார் தெரியுமா? குப்பை வண்டியைக் கூப்பிடவில்லை. நாம் சேர்ந்து இதை ஒரு கலைக் கண்காட்சியாக வைக்கலாம் என்று அம்மாவைத் தன்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். 2005இல் பெய்ஜிங்கில் அந்த வீட்டின் மரச்சட்டத்தை நிறுத்தி, அதைச் சுற்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை வகைவகையாக அடுக்கினார்கள். எது எப்போது வந்தது, எதற்காக வைத்தது என்று அம்மாவுக்குத்தானே தெரியும்! அவரே எடுத்துவைத்தார், அவரே அடுக்கினார். பார்க்க வந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார். அவர் வயதுக்காரர்கள், எங்க வீட்டிலும் இப்படித்தான் என்று தங்கள் கதையைச் சொன்னார்கள். துக்கத்தில் மூடிக் கிடந்தவர் மனிதர்களோடு மறுபடி பேச ஆரம்பித்தார்.

வீணாக்காதே என்ற பொருள்படும் பெயர் அந்தக் கண்காட்சிக்கு. அதில் ஒளிரும் விளக்கெழுத்தில், அப்பா கவலைப்படாதீங்க, அம்மாவும் நாங்களும் நல்லா இருக்கோம் என்று இறந்துபோன தகப்பனுக்கு ஒரு செய்தியும் வைத்திருந்தார்.

2009 ஜனவரியில் அந்த அம்மா மறைந்தார். மரத்தில் அடிபட்டுக் கிடந்த ஒரு பறவையைக் காப்பாற்ற ஏறி, தவறி விழுந்து இறந்துபோனார். அதே வருசம் நியூயார்க்கிலும், 2012இல் லண்டனிலும் அவருடைய சாமான்கள் காட்சிக்கு வந்தன. அடுக்க அம்மா இல்லை. மகனும் மகளும் மருமகளும் சேர்ந்து அடுக்கினார்கள்.

சகோதரிகளே, இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அந்த மகன் அம்மாவுக்கு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டு நிற்கவில்லை. வேலை கொடுத்தார். அதுவும் அவருக்கு மட்டுமே தெரிந்த வேலை.

நம் குழுக்களிலும் கணவரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் கூட்டத்துக்கு வருவது நிற்கும். சேமிப்புப் பணம் மட்டும் பக்கத்து வீட்டு அக்கா கையில் வரும். கணக்கு சரியாக இருக்கிறதே என்று நாமும் விட்டுவிடுகிறோம். அப்படி விடாதீங்க. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போங்க. பாவம் என்று உட்கார்ந்து அழுதுவிட்டு வராதீங்க. அவருக்கு எது நன்றாக வருமோ அதைக் கேளுங்க. தீர்மானப் புத்தகம் எழுதுவாரா, ஊறுகாய்க்குப் பக்குவம் சொல்வாரா, துணி வெட்டித் தருவாரா? நீங்க வந்தாத்தான் இந்த வேலை நடக்கும் என்று சொல்லிக் கூட்டி வாங்க.

பழைய பொத்தானையே எறிய மனசு வராத நாம், ஒரு மனுசியை விட்டுவிடலாமா?