ஆறு சில்லு வீட்டில் ஒரு கோடை

(கல்லூரி நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் தொலைபேசியில் என்னை அழைத்து, "நீங்கள் வைத்தியர்தானே, பெண்களின் சுகாதாரத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கோ" என்றார். ஒப்புக்கொண்டு குறிப்புகளும் எழுதினேன். விமானத்தில் அவற்றை வாசித்துப் பார்த்தபோது எனக்கே நித்திரை வந்துவிட்டது. அதனால் அதை மடித்து வைத்துவிட்டு, சென்ற கோடையில் நாங்கள் போன ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சுகாதாரமும் இடையில் வரும். தொழில் குணம், மன்னிக்கவேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒருத்தியை 'மணிக்கூடு' என்று கூப்பிடுவோம். பாடசாலை மணி அடிக்கும் பொறுப்பு அவளுடையது. ஒரு நாளும் ஒரு நிமிடம் பிந்தியதில்லை. கனடாவில் கல்கரி நகரில் கணக்காளராக இருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் தை மாதத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனாள். கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகு எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த எட்டு மாதமும் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் நாள் தவறாமல் காலை வணக்கம் போட்டாள், பூமரப் படம் போட்டாள். நானும் நாள் தவறாமல் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். அதே நாட்டில் குடும்ப வைத்தியராக இருந்துகொண்டு, முன்பின் தெரியாத பெண்களிடம் தினமும் கேட்கும் ஒரு கேள்வியை அவளிடம் நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. அவளுடைய செத்தவீட்டை, இரண்டு நோயாளிகளுக்கு இடையில் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, கணினித் திரையில் பார்த்தேன்.

அன்றிரவு ஸ்காபரோவில் இருக்கும் இன்னொரு வகுப்புத் தோழி அழைத்தாள். "ஆளை ஆள் பாக்கிறது செத்தவீட்டிலைதான் எண்டு இருந்தம். இப்ப அதுக்கும் போகேல்லை. வாற வருசம் பள்ளிக்கூட விடுமுறையிலை போவம். நான் ஓட்டுறன்" என்றாள்.

அவள் ஓட்டுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே லுமாலா சைக்கிளில் முன்னுக்குத் தம்பியையும் பின்னுக்கு மண்ணெண்ணெய்க் கலனையும் வைத்துக்கொண்டு குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் வந்தவள், இப்போது ரொறன்ரோவில் பாடசாலைப் பேருந்துச் சாரதி. பனியில் எழுபது பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்குகிறவள். சொன்னது வாற வருசம், போனது அதற்கடுத்த வருசம். என்னுடைய லீவுதான் பிந்தியது, வேறு காரணமில்லை.

வாடகைக்கு எடுத்தது 25 அடி நீளமான ஆர்.வி. வாகனம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது ஒரு சின்ன லொறியின் முதுகில் ஏற்றிய வீடு. பின்னுக்கு இரட்டைச் சில்லு, ஆக மொத்தம் ஆறு. உள்ளே கட்டில், குசினி, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் எல்லாம் இருக்கும். அடுப்பு எரிவாயுவில் எரியும். ஒன்ராறியோவில் இந்த அளவு வாகனத்தைச் சாதாரண கார் அனுமதிப்பத்திரத்துடனேயே ஓட்டலாம் என்பது எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. நூறு கிலோமீற்றருக்கு இருபது லீற்றருக்கு மேல் பெற்றோல் குடித்தது. ஆக, சிக்கனமான பயணம் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். பயணிகள் மூவர்: சாரதி, நான், பதினான்கு வயதான என் மகள்.

இந்த வீட்டுக்கு இரண்டு கழிவுத் தாங்கிகள். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, மற்றதற்கு மற்றது. அதற்கென்று உள்ள இடத்தில் தடித்த குழாயை மாட்டி, முதலில் மலத் தாங்கியையும் பிறகு மற்றத் தாங்கியையும் திறக்கவேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் சவர்க்காரத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். முதல் நாள் இதை மாறிச் செய்தோம். இருபது வருடம் வைத்தியராக இருந்தும் அன்றுதான் இரண்டு சோடி கையுறை போட்டேன். சாரதி நின்று சிரித்தாள். "டொக்டருக்குப் படிச்சது இதுக்குத்தான்" என்றாள்.

ரொறன்ரோவிலிருந்து கல்கரி ஏறக்குறைய 3,400 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு எட்டுத் தடவைக்கு மேல் போகும் தூரம். இதில் முதல் 1,400 கிலோமீற்றர் ஓடி தண்டர் பே போய்ச் சேர்ந்தும் நாங்கள் அதே மாகாணத்துக்குள்தான் நின்றோம். வழியில் சுப்பீரியர் ஏரி. அதன் பரப்பு 82,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். இலங்கை முழுவதையும் தூக்கி உள்ளே வைத்தாலும் சுற்றிவரத் தண்ணீர் மிஞ்சும். கரையில் நின்றால் கடல் என்றே நினைப்பீர்கள், ஆனால் உப்பு மணம் இராது. பருத்தித்துறையில் பிறந்த சாரதிக்கு அது பிடிக்கவில்லை. "மணமில்லாத கடல், மீன் இல்லாத சொதி மாதிரி" என்றாள். இரவு அந்தக் கரையில் ஒரு முகாமிடத்தில் தங்கி இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். செத்தல் மிளகாய் தாளித்தபோது புகை எச்சரிக்கை மணி அலறி, பக்கத்து வாகனத்து வெள்ளைக்காரக் கிழவர் தீயணைக்கும் கருவியோடு ஓடி வந்தார். அவருக்கும் ஒரு தட்டுக் கொடுத்தோம்.

தண்டர் பேயில் எங்கள் வலைப்பந்து அணியின் தலைவி இருக்கிறாள். அவளும் கணவரும் ஒரு பெற்றோல் நிலையமும் அதோடு ஒட்டிய கடையும் நடத்துகிறார்கள். வாரத்தில் ஏழு நாளும் திறப்பு. வீட்டுக்குப் போகவில்லை, கடைக்குள் சோடாப் பெட்டிகளில் இருந்துதான் கதைத்தோம். லொத்தர் சீட்டு வாங்க ஒருவர் வருவார், பேச்சு நிற்கும்; அவர் போனதும் விட்ட இடத்தில் தொடங்கும். என் பையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தது. விளையாட்டாகத்தான் கையை நீட்டச் சொன்னேன். 178க்கு 104. கால் மணித்தியாலம் விட்டுத் திரும்பப் பார்த்தேன், பெரிதாக இறங்கவில்லை. நாலு வருடமாக வைத்தியரிடம் போகவில்லையாம். குடும்ப வைத்தியர் கிடைப்பது அந்தப் பக்கத்தில் கஷ்டம் என்பது உண்மை. கடையை விட்டு அசையமாட்டாள் என்பது அதைவிட உண்மை.

செயலாளர் என்னை முறைக்க முதல் இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். மார்பகம், இரத்த அழுத்தம், சீனி எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். காசு இல்லை. இந்த மண்டபத்தில் அந்த வயதைத் தாண்டியும் போகாதவர்கள் எத்தனை பேர் என்று கை உயர்த்தச் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை கடையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அவளை அவசர சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மருந்து எழுதினார்கள். திரும்பும் வழியில் நகருக்கு வெளியே ரெரி பொக்ஸ் சிலைக்குப் போனோம். புற்றுநோயால் வலது காலை இழந்த அந்தப் பொடியன், செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து 1980 ஏப்ரலில் ஓடத் தொடங்கி, 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் அந்த இடத்துக்குக் கிட்டத்தான் நிறுத்தினான். மகள் பாலர் வகுப்பிலிருந்து ஒவ்வொரு செப்ரெம்பரிலும் அவன் பெயரால் ஓடுகிறவள். சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கள் தலைவி பதினொரு வருடம் அந்த ஊரில் இருந்தும் அன்றுதான் முதல் தடவையாக அங்கே வந்தாளாம். "ரோட்டிலை போகேக்கை கையை மட்டும் காட்டுவன்" என்றாள்.

வினிபெக்கில் பார்க்கப் போனவள் வீட்டில் இல்லை. ஒரு திருமணத்துக்கு ரொறன்ரோ போய்விட்டாள். நாங்கள் திகதி மாறிச் சொல்லிவிட்டோம். எதிர்த்திசையில் எங்கள் தலைக்கு மேலால் பறந்திருப்பாள். மாமியார்தான் கதவைத் திறந்தார். எங்களை உட்கார வைத்து, மூன்று பேருக்கும் தலைக்கு எண்ணெய் வைக்காத குறையாக உபசரித்து, பயற்றம் பணியாரம் கட்டித் தந்து அனுப்பினார். அதைவிடச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

அடுத்தது சஸ்கச்சுவான். கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். ஒரு வெளிக்குள் வானம் இவ்வளவு பெரிதாக இருப்பதை வன்னியில் கூட நான் பார்த்ததில்லை. றெஜைனாவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே இருப்பவளைப் பார்க்கத்தான் எனக்குப் பயம்.

1995 ஒக்டோபர் 29ஆம் திகதி அவளிடம் பௌதிகவியல் கொப்பியை இரவல் வாங்கினேன். அடுத்த நாள் இரவு ஊரே எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. இங்கே இருப்பவர்களில் பலர் அந்த வீதியில் நின்றவர்கள். அதை நான் விபரிக்கத் தேவையில்லை. நாங்கள் கொடிகாமத்தில் தங்கினோம். அவர்கள் கிளாலியால் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். அடுத்த சித்திரையில் நாங்கள் திரும்பி வந்தோம், அவர்கள் வரவில்லை. 1997இல் நான் உயர்தரப் பரீட்சை எழுதினேன். அந்தக் கொப்பியை வைத்துத்தான் எழுதினேன். அவளுடைய எழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும், ஒவ்வொரு படத்தையும் இரண்டு நிறத்தில் கீறியிருப்பாள். எனக்கு மருத்துவ பீடம் கிடைத்தது. அவள் பரீட்சையே எழுதவில்லை. கொப்பியைப் பிறகு ஒரு தங்கச்சிக்குக் கொடுத்தேன், அவள் யாருக்குக் கொடுத்தாளோ. திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது அவள் வயோதிபர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி செய்கிறாள். நாங்கள் போன அன்று அவளுக்கு ஓய்வு. வாகனத்தை வீட்டு முற்றத்தில் விட்டு, இரவு சாப்பாடு முடிந்து, சாரதியும் மகளும் உள்ளே படுத்த பிறகு, நாங்கள் இருவரும் வாகனத்தின் சின்ன மேசையில் எதிரெதிரே இருந்தோம். ஆலங்கட்டி மழை தொடங்கியது. தகரக் கூரையில் கல் எறிவது போலச் சத்தம். நான் 28 வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கொப்பியைப் பற்றி, அவளுடைய இடத்தில் நான் இருப்பதாக எனக்கு வரும் நினைப்பைப் பற்றி.

அவள் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "விசரி" என்றாள். "அந்தக் கொப்பி என்னட்டை இருந்திருந்தாலும் கிளாலியிலை வள்ளத்துக்குள்ளை நனைஞ்சு போயிருக்கும். எல்லாத்தையும் எறிஞ்சுதான் அப்பாவைத் தூக்கினது. நான் சோதினை எடுக்காததுக்கு நீ காரணமில்லை. அதை உன்ர தலையிலை ஏத்தாதை."

எனக்கு நெஞ்சு இறங்கியது. அவள் முடிக்கவில்லை.

"ஆனால் நீ ஒரு கடிதம் போட்டிருக்கலாம். கம்பஸ் கிடைச்சதெண்டு வேறை ஆக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா செத்ததுக்கு நீ ஒண்டும் கேக்கேல்லை. நான் கனடா வந்து இருபது வருசம். நீ வந்து பதினைஞ்சு. என்ர நம்பர் உன்னட்டை இருந்தது. கொப்பிக்கு வெக்கப்பட்டுக்கொண்டு என்னை விட்டிட்டாய்."

மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. வைத்தியர்கள் இப்படியான இடத்தில் ஏதாவது சொல்லப் பழகியவர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மழை நின்ற பிறகு அவள் எழும்பித் தேத்தண்ணி ஊற்றினாள், என்னைக் கேட்காமலே சீனி இல்லாமல். நான் சீனி விட்டது ஐந்து வருடத்துக்கு முன், குழுவில் ஒரு தரம் எழுதியிருந்தேன். அவள் குழுவில் ஒரு நாளும் எழுதுவதில்லை. எல்லாம் வாசிக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் ஒரு நாள் தங்குவதாகப் போய் மூன்று நாள் தங்கினோம். வாகனக் கூரையில் ஆலங்கட்டி விழுத்திய பள்ளங்களுக்கு வாடகைக்காரர் தனியாகக் காசு எடுத்தார். காப்புறுதிப் பத்திரத்தின் சின்ன எழுத்தை வாசியுங்கள்.

கல்கரிக்கு அவளும் எங்களோடு வந்தாள். இரவுப் பணியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு சின்னப் பையோடு ஏறினாள். 'மணிக்கூட்டின்' கணவர் வாசலில் நின்றார். வீட்டுக்குள் எல்லாம் அவள் வைத்தபடியே இருந்தன, சுவர் மணிக்கூடு உட்பட. அது ஐந்து நிமிடம் முந்தி ஓடியது. அவள் அப்படித்தான் வைத்திருப்பாளாம். பிந்தக்கூடாது என்பதற்காக. நாங்கள் நாலு பேர் நின்றதும் அவளுடைய சின்ன மகன், "அம்மா பள்ளிக்கூடத்திலை எப்படி மணி அடிப்பா?" என்று கேட்டான். தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடிப்பாள் என்று சாரதி ஒரு சட்டியையும் அகப்பையையும் எடுத்து அடித்துக் காட்டினாள். முதல் மணி, இரண்டாம் மணி, வீட்டு மணி, மூன்றுக்கும் வித்தியாசம் உண்டு. பையன் மூன்றையும் பழகும்வரை விடவில்லை. கணவர் மேல்மாடிக்குப் போய், வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார்.

வாகனத்தைக் கல்கரியிலேயே ஒப்படைத்துவிட்டு விமானத்தில் திரும்பினோம். தண்டர் பே தலைவி இப்போது வாரத்துக்கு ஒருதரம் தன் இரத்த அழுத்தத்தை எனக்கு அனுப்புகிறாள். போன கிழமை 134க்கு 82. றெஜைனாக்காரி ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறாள். நான் மறந்தால், ஏன் மறந்தாய் என்று கேட்கிறாள்.

அடுத்த கோடைக்குக் கிழக்குப் பக்கம் போவதாக இருக்கிறோம்: ஒட்டாவா, மொன்றியல், அதற்கப்பால் ஹலிஃபாக்ஸ். ஹலிஃபாக்ஸில் எங்கள் வகுப்பில் விடுதியில் இருந்த ஒருத்தி இருப்பதாகக் கேள்வி. நீளப் பின்னல், ஓட்டத்தில் நீல இல்லம். அவளுடைய தொலைபேசி இலக்கம் தெரிந்தவர்கள் இடைவேளையில் தேநீர் மேசையடியில் என்னைப் பிடியுங்கள். சாரதியும் வந்திருக்கிறாள், அந்தப் பின்வரிசையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பவள்தான்.