ஃபெஸ் நகரத்து ரியாத் விடுதிகள்

மொராக்கோ நாட்டின் வடக்கே, ரிஃப் மலைகளுக்கும் நடு அட்லஸ் மலைகளுக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது ஃபெஸ் நகரம். அதன் பழைய பகுதியை ஃபெஸ் எல் பாலி என்கிறார்கள். சுற்றிலும் மதில். மதிலுக்குள் ஆயிரக்கணக்கான சந்துகள். சந்துகளில் கார் போகாது. அங்கே உள்ள பழைய பெருவீடுகள் பல இன்று பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. ரியாத் என்பது அவற்றுக்கு வழங்கும் பொதுப் பெயர். முறைப்படி பார்த்தால், நடுவில் மரமும் செடியுமாகத் தோட்டம் உள்ள வீடுதான் ரியாத். தளம் பாவிய முற்றம் மட்டும் இருந்தால் அது தார். விடுதித் தொழிலில் இந்த வேறுபாட்டை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

நகரத்தின் தொடக்கம் 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 789-இல் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் ஒரு கரையில் குடியிருப்பை அமைத்தார். 809-இல் அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் மறுகரையில் இன்னொன்றை எழுப்பினார். 818-இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் நடந்த கலகத்துக்குப் பிறகு அங்கிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தன. இன்றைய துனீசியாவில் உள்ள கைருவானிலிருந்து வந்தவர்கள் மேற்குக் கரையில் குடியேறினார்கள். நெடுங்காலம் தனித்தனி மதில்களோடு முறைத்துக்கொண்டிருந்த இந்த இரண்டு ஊர்களையும் 11-ஆம் நூற்றாண்டில் அல்மோராவிதுகள் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று நிற்கும் மதிலின் பெரும்பகுதி, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்மோஹதுகள் மண்ணையும் சுண்ணாம்பையும் கலந்து, பலகைகளுக்கு இடையே கொட்டி, இடித்துக் கெட்டித்து எழுப்பியது. 1276-இல் மரீனிது அரசர்கள் இதன் மேற்கே ஃபெஸ் எல் ஜதீத் என்ற புதிய அரச நகரைக் கட்டினார்கள். யுனெஸ்கோ 1981-இல் இந்தப் பழைய நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பழைய நகருக்குள் நுழையும் பயணிகளில் பலர் பாப் பூ ஜெலூத் வாசல் வழியாக வருகிறார்கள். வெளிப்பக்கம் நீல ஓடுகளும் உட்பக்கம் பச்சை ஓடுகளும் பதித்த இந்த வாசல் பார்வைக்குப் பழையதாகத் தெரிந்தாலும் 1913-இல் கட்டப்பட்டதுதான். டாக்சி இந்த வாசலோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடைதான். மூட்டை முடிச்சுகளை ஏற்றிப்போகக் கைவண்டிக்காரர்கள் காத்திருப்பார்கள். வாசலைத் தாண்டினால் தலா கபீரா, தலா ஸ்கீரா என்று இரண்டு கடைவீதிகள் சரிவாக ஆற்றை நோக்கி இறங்குகின்றன. எரிவாயு உருளை, தோல் மூட்டை, குளிர்பானப் பெட்டி என எல்லாமே கோவேறு கழுதைகளின் முதுகில்தான் வந்து சேர்கின்றன. பின்னாலிருந்து “பாலக்! பாலக்!” என்று குரல் கேட்டால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். கடைவீதியிலிருந்து பிரியும் சந்துகள் போகப்போகக் குறுகும். சில இடங்களில் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். பல சந்துகள் ஒரு வீட்டு வாசலோடு முடிந்துவிடும். ஆகவே முதல்முறை வரும் விருந்தினரை அழைத்துப்போக விடுதிக்காரர்கள் வாசல்வரை ஆள் அனுப்புவது வழக்கம்.

விடுதியின் முகப்பைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவே முடியாது. உயரமான வெறுஞ்சுவர், எட்டாத உயரத்தில் ஒன்றிரண்டு சிறு துவாரங்கள், ஆணிகள் அறைந்த தடித்த மரக்கதவு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டின் சுவரும் அப்படியேதான் இருக்கும். உள்ளவரும் இல்லாதவரும் தெருவுக்கு ஒரே முகத்தைக் காட்டுவது இந்த நகரத்துக் கட்டட மரபு. பெரிய கதவுக்குள்ளேயே ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சிறிய கதவு இருக்கும். பல வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனியே தட்டு வளையம் உண்டு. கதவைத் திறந்ததும் முற்றம் தெரிந்துவிடாது. ரேழி ஒரு முறையாவது திரும்பித்தான் உள்ளே போகும். வீட்டுப் பெண்கள் தெருவில் போவோர் கண்ணில் படாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. தெருவின் தூசியும் இரைச்சலும் அந்தத் திருப்பத்தோடு நின்றுவிடுகின்றன.

திருப்பத்தைத் தாண்டினால் முற்றம். நடுவிலோ ஒரு சுவரிலோ நீரூற்று, நாற்புறமும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள், மேலே இன்னும் ஒன்று அல்லது இரண்டு மாடிகள். வீட்டின் வெளிச்சமும் காற்றும் இந்த முற்றத்தின் வழியேதான். அறைகள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். அட்லஸ் மலையிலிருந்து வரும் தேவதாரு உத்திரங்களே அதற்குக் காரணம். உத்திரம் எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவுதான் அறையின் அகலம். அது பெரும்பாலும் 3 மீட்டரைச் சுற்றியே நிற்கிறது. அகலத்தில் குறைந்ததை உயரத்தில் ஈடுகட்டியிருப்பார்கள். கீழ்த்தள அறைகளின் இரட்டைக் கதவுகள் மச்சை எட்டுமளவுக்கு உயர்ந்து நிற்கும். பல பெரிய வீடுகளில் வாசலை ஒட்டித் தனி மாடிப்படி ஏறும். அது போய்ச் சேரும் மாடி அறைக்கு மஸ்ரிய்யா என்று பெயர். வீட்டுக்குள் நுழையாமலேயே விருந்தாளி வந்து தங்கிப்போக அமைத்த இடம் அது. இந்த வீடுகள் விடுதிகளாவதற்கு முன்பே அவற்றில் விருந்தினருக்கு இப்படி ஓர் இடம் இருந்திருக்கிறது.

முற்றத்துச் சுவர்களின் அலங்காரம் ஓர் ஒழுங்கில் மேலேறுகிறது. கீழே இடுப்பளவோ தோளளவோ வரை ஸெல்லிஜ் என்னும் ஓட்டுப் பதிப்பு. அதற்கு மேல் செதுக்கிய சுதை. எல்லாவற்றுக்கும் மேலே செதுக்கி வண்ணம் தீட்டிய தேவதாரு. ஸெல்லிஜ் வேலை ஃபெஸ் நகரத்தின் தனிச்சிறப்பு. உள்ளூர்க் களிமண்ணில் சதுர ஓடு செய்து, மெருகிட்டு, ஒலிவ எண்ணெய் ஆட்டியெடுத்த சக்கையை எரிக்கும் சூளைகளில் சுடுகிறார்கள். வெட்டுபவர் தரையில் உட்கார்ந்து, ஓட்டின் மேல் உருவத்தைக் கீறிக்கொண்டு, சிறிய பட்டறைக் கல் மேல் வைத்து, கூர்முனையுள்ள கனமான சுத்தியலால் ஓரத்தைக் கொத்திக் கொத்தி எடுக்கிறார். நட்சத்திரம், பட்டை, அறுகோணம் என்று விரல்நக அளவிலும் துண்டுகள் உண்டு. பதிப்பவர் அவற்றை மெருகுப் பக்கம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து அடுக்குகிறார். முதுகுப்புறம் எல்லாத் துண்டும் ஒரே செம்மண் நிறம். எந்த வண்ணம் எங்கே என்பதை நினைவிலிருந்தே வைத்துப் போக வேண்டும். பின்பக்கம் சாந்து ஊற்றி இறுகிய பிறகு பலகையைத் திருப்பினால்தான் கோலம் கண்ணுக்குத் தெரியும்.

முற்றத்து நீரூற்றுக்கும் நகரத்தின் அமைப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஃபெஸ் ஆறு நகரத்துக்கு மேலே உயரத்தில் பாய்ந்து வருகிறது. அதைக் கால்வாய்களாகப் பிரித்து, சரிவைப் பயன்படுத்தியே மசூதிகளுக்கும் தெருக் குழாயடிகளுக்கும் வசதியான வீடுகளுக்கும் தண்ணீர் கொண்டுசென்றார்கள். கழிவுநீருக்குத் தனி வழி. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு மசூதி, ஒரு குர்ஆன் பள்ளி, ஒரு நீரூற்று, ஒரு ஹம்மாம் என்னும் வெந்நீர்க் குளியலகம், ஒரு ரொட்டி அடுப்பு என்று அமைந்தது இந்த நீர்ப் பாதைகளை ஒட்டித்தான்.

அந்த ரொட்டி அடுப்பின் பெயர் ஃபர்ரான். வீடுகளில் மாவைப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, பலகையில் துணி போர்த்தி அனுப்புவார்கள். கூலி வாங்கிக்கொண்டு சுட்டுத் தருவது அடுப்புக்காரரின் வேலை. எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்பது பார்த்ததுமே அவருக்குத் தெரியும். விடுதியின் காலை உணவிலும் இந்த ரொட்டி இருக்கும். அதோடு மடித்து மடித்துச் சுட்ட ம்ஸெம்மென், ரவைமாவில் செய்யும் ஹர்ஷா, நம் ஆப்பம்போல ஒருபக்கம் மட்டும் வெந்து மேலே துளைத்துளையாக நிற்கும் பக்ரீர் ஆகியவையும் வரும். தொட்டுக்கொள்ளத் தேன், ஒலிவ எண்ணெய், வெண்ணெய். உப்பும் மசாலாவும் தடவி வெயிலில் காயவைத்துக் கொழுப்பில் பதப்படுத்திய ஃக்லீ என்ற இறைச்சியை முட்டையோடு பொரித்துத் தருவது ஃபெஸ் வழக்கம். இரவு உணவு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். புறா இறைச்சியும் பாதாமும் வைத்து, மெல்லிய மாவுத் தாள்களில் பொதிந்து சுட்டு, மேலே சர்க்கரையும் லவங்கப்பட்டைத் தூளும் தூவும் பஸ்தீய்யா இந்த நகரத்தின் பெயர்பெற்ற விருந்துப் பண்டம். இப்போது பெரும்பாலும் கோழியில்தான் செய்கிறார்கள்.

வந்தவுடன் விருந்தினருக்குக் கிடைப்பது புதினாத் தேநீர். சீனப் பச்சைத் தேயிலையும் கைநிறையப் புதினாவும் பெரிய சர்க்கரைக் கட்டியும் சேர்ந்த பானம் இது. மொராக்கோவில் தேயிலை எளிய மக்களிடம் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். கிரிமியப் போரால் பால்டிக் துறைமுகங்கள் அடைபட்டபோது, பிரிட்டிஷ் வணிகர்கள் தங்கள் தேயிலையை மொராக்கோ துறைமுகங்களில் இறக்கினார்கள். பாத்திரத்தை உயரத் தூக்கி நுரைவர ஊற்றுவதும், முதல் கோப்பையை மறுபடி பாத்திரத்திலேயே கவிழ்த்துக் கலப்பதும் உபசாரத்தின் ஒரு பகுதி.

அறைகளின் சன்னல்கள் முற்றத்தைப் பார்த்தே திறப்பதால் தெருச் சத்தம் குறைவு. ஆனால் வீட்டுக்குள் பேசுவது எல்லா அறைக்கும் கேட்கும். விடிவதற்கு முன் பாங்கு ஒலி ஒரு மசூதியில் தொடங்கி, அடுத்தடுத்த மசூதிகளில் தொடர்ந்து, வானம் திறந்த முற்றத்தின் வழியே இறங்கும். தூக்கம் எளிதில் கலைபவர்கள் மேல்மாடி அறையைத் தவிர்ப்பது நல்லது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களிலும் கீழ்த்தள அறைகள் குளிர்ச்சியாக இருக்கும். அதே தடித்த சுவர்களும் ஓட்டுத் தளமும் குளிர்காலத்தில் நடுங்க வைக்கும். அதனால் பல விடுதிகள் முற்றத்துக்கு மேலே கண்ணாடியோ திரையோ போட்டிருக்கின்றன.

பழைய காலத்து வெளியூர்ப் பயணிகள் இத்தகைய வீடுகளில் காசு கொடுத்துத் தங்கியதில்லை. அவர்களுக்கு ஃபொந்துக் என்ற சத்திரங்கள் இருந்தன. கீழே சரக்கும் விலங்குகளும், மேலே மனிதர்களும் தங்குவார்கள். ஃபெஸ் நகரில் வளர்ந்து, லியோ ஆப்பிரிக்கானுஸ் என்ற பெயரில் எழுதிய அல்ஹசன் அல்வஸ்ஸானின் நூல் 1550-இல் இத்தாலியில் அச்சாயிற்று. ஊரில் சுமார் 200 சத்திரங்கள் இருந்ததாகவும், தங்குபவருக்குக் கட்டில் கிடையாது, ஒரு முரட்டுப் போர்வையும் பாயும்தான் என்றும், சாப்பாட்டுக்கானதை அவரே வாங்கித் தந்து சமைக்கச் சொல்ல வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நஜ்ஜாரீன் சத்திரம் செப்பனிடப்பட்டு, 1998 முதல் மரவேலை அருங்காட்சியகமாக நடக்கிறது. சத்திரத்தின் அமைப்பை அங்கே முழுதாகப் பார்க்கலாம்.

பெருவீடுகள் விடுதிகளானது அண்மைக்கால மாற்றம். 1912-இல் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்தது. தலைநகரம் ஃபெஸ்ஸிலிருந்து ரபாத்துக்குப் போயிற்று. பிரெஞ்சு ஆட்சியின் தலைவர் லியோத்தே பழைய நகரைத் தொடாமல் விட்டு, மதிலுக்கு வெளியே புதுநகரம் எழுப்பினார். வசதிபடைத்த குடும்பங்கள் மெல்ல மெல்ல அங்கேயும் காசாபிளாங்காவுக்கும் இடம்பெயர்ந்தன. அவர்கள் விட்டுப்போன வீடுகளில் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அறைக்கு ஒரு குடும்பமாகக் குடியேறினார்கள். பராமரிப்பின்றிப் பல வீடுகள் சரிந்தன. சந்துகளின் குறுக்கே எதிரெதிர்ச் சுவர்களைத் தாங்கி நிற்கும் மரச் சட்டங்களை இன்றும் காணலாம். கடந்த நூற்றாண்டின் இறுதியிலிருந்து உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் இவ்வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு விடுதிகளாக்கத் தொடங்கினார்கள். ஸெல்லிஜ், சுதை, தேவதாருத் தச்சு ஆகிய கைத்தொழில்களுக்கு இதனால் வேலை கிடைத்தது. வீட்டு விலை ஏறியதும் இதனால்தான்.

விடுதியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் முக்கியமான இடங்கள் எல்லாம் இருக்கின்றன. கரவிய்யீன் மசூதியை 859-இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவினார் என்பது மரபு. உலகில் இன்றும் இயங்கும் மிகப் பழைய கல்விக்கூடங்களில் ஒன்று இது. முஸ்லிம் அல்லாதவர்கள் வாசலில் நின்று பார்க்கலாம். உள்ளே அனுமதி இல்லை. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுல்தான் அபூ இனான் கட்டிய பூ இனானிய்யா மதரஸாவுக்குள் யாரும் போகலாம். மதுரைச் சுல்தானகத்துக்கு வந்துபோன இப்னு பதூதா தம் பயணங்களை இதே அபூ இனானின் ஆணைப்படி இந்நகரில் சொல்ல, இப்னு ஜுஸய் எழுதி 1355-இல் முடித்தார். ஷுவாரா தோல் பதனிடும் களத்தில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளில் ஆட்கள் இறங்கித் தோலை மிதிக்கிறார்கள். சுற்றியுள்ள கடைகளின் மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, நாற்றம் தாங்க ஒரு கொத்துப் புதினா கையில் தரப்படும்.

காசாபிளாங்காவிலிருந்து ஃபெஸ்ஸுக்கு ரயிலில் ஏறக்குறைய 4 மணி நேரப் பயணம். மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரையும் தங்க ஏற்ற காலம். விடுதியில் சேரும்போது கடவுச்சீட்டு விவரங்களுடன் காவல்துறைப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். அறை பேசுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு: கார் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அறை எந்த மாடியில், படிகள் எவ்வளவு செங்குத்து, குளிர்காலத்தில் அறைக்கு வெப்பமூட்டி உண்டா. முதியவர்களோடும் குழந்தைகளோடும் வருபவர்களுக்கு இந்த நான்கும் வாடகையைவிட முக்கியம்.