நிழல் ஒளியும் நேரம்



வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் கணக்கை முடித்துவிட்டு, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு என்ன தீனி போடுவது?

1903-ல் கும்பகோணத்தில் அப்படி ஒரு பையன். நூலகத்திலிருந்து ஒரு தடித்த கணிதப் புத்தகம் அவன் கைக்கு வந்தது. சுமார் 5,000 தேற்றங்கள், விளக்கமோ சொற்பம். ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தான். அவன்தான் ராமானுஜன்.

மதுரைப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வாசல் இருக்கிறது. புது நத்தம் சாலையில், 2023 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

காசில்லாப் பாடமும் ஒன்று சொல்கிறேன். ஏப்ரல் நடுவில் ஒரு நாளும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளும் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வரும். அன்று மொட்டைமாடியில் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி, பன்னிரண்டே கால் மணி வாக்கில் தம்ளருக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

"ஏம்ப்பா, சரியாப் பன்னிரண்டுக்கு ஒளியலை?" என்று பிள்ளை கேட்கும். நமக்குத் தலையைச் சொறியத்தான் தோன்றும். பரவாயில்லை. "வா, நூலகத்துக்குப் போய்த் தேடுவோம்" என்று கையைப் பிடித்துக் கிளம்புங்கள். அதுதான் நல்ல டியூஷன்!